வண்ணத்தால் பேசிய பெண்மணி

(திருகோணமலை லிங்கநகரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேடையேறி முழங்கியோரின் புகழையே நாம் பெரிதும் பேசி வருகிறோம். அதிகம் பேசாது, தம் உள்ளத்தை வண்ணத்தில் வடித்த ஒரு பெண்மணியைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன். அவர்தாம் ஓவியர் டி. கே. பத்மினி.

நம் திருகோணமலையைப் போலவே பழம்பெருந் துறைமுகமாகிய பொன்னானிக்கு அருகே, கேரளத்துக் காடஞ்சேரி என்னுஞ் சிற்றூரில், 1940ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளியில் ஓவியம் பயிற்றிய தேவஸ்ஸி ஆசிரியர் அச்சிறுமியின் கைத்திறனைக் கண்டு வளர்த்தார். பின்னர் ஓவியர் நம்பூதிரியும் அவருக்குக் கற்பித்தார். 1961இல் சென்னைக் கலைப்பள்ளியில் சேர்ந்த பத்மினி, அங்கே கே. சி. எஸ். பணிக்கரின் மாணவியானார். நாட்டுப்புறப் பெண்ணொருத்தி ஓவியங் கற்கவெனத் தொலைநகர் செல்வது அந்நாளில் அரிதினும் அரிது.

அவர் தீட்டியவர் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் அவர்கள் நாட்காட்டிப் படங்களிற் காணும் அணிமணி பூண்ட பாவையர் அல்லர். அழுத்தமான கோடுகளுக்குள்ளே, ஆழ்ந்த வண்ணங்களின் நடுவே, தம் நெஞ்சையே உற்று நோக்குவோர் போல் அவர்கள் நிற்கின்றனர். பிறர் கண்ணுக்கு விருந்தாகப் பெண்ணைத் தீட்டும் வழக்கம் பழையது. பெண் தன்னைத் தானே எவ்வாறு உணர்கின்றாள் என்பதைத் தீட்டியதே பத்மினியின் புதுமை.

1968இல் ஓவியர் கே. தாமோதரனை மணந்தார். மறு ஆண்டு மே 11ஆம் நாள் மகப்பேற்றின்போது உயிர் நீத்தார். இருபத்தொன்பது அகவை நிறைய ஒரு நாளே எஞ்சியிருந்தது! 1941இல் மறைந்த அம்ரிதா ஷெர்கிலுக்கும் அப்போது அகவை இருபத்தெட்டே. அம்ரிதாவின் பெயரை உலகம் அறியும்; பத்மினியின் பெயரோ கேரளத்துக்கு அப்பால் அதிகம் எட்டவில்லை. எனினும் குறுகிய வாழ்நாளில் அவர் விட்டுச்சென்ற ஓவியங்கள் கேரள லலித கலா அகாதமியிற் போற்றப்படுகின்றன.

அன்பர்களே! “பெண்ணுக்குப் படம் வரைவது எதற்கு?” என்று அந்த ஆசிரியர் கேட்டிருந்தால், இவ்வோவியங்களுள் ஒன்றேனும் பிறந்திருக்குமா? அடக்கமுடையோர் தமக்கென வாய் திறந்து கேளார். அவர்தம் ஆற்றலைக் கண்டறிவது பெற்றோரும் ஆசிரியரும் ஏற்கவேண்டிய கடமையாகும். நம் வீட்டுச் சுவரிலே கரித்துண்டால் கோடிழுக்கும் மகளை அதட்டுமுன், அவள் வரைந்ததை ஒருமுறை நின்று பாருங்கள். அவளுக்கு ஒரு தாளும் சிறிது வண்ணமும் வாங்கிக் கொடுங்கள். பத்மினிக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவே.