ஆங்கிலத்துக்குத் தமிழ் தடையா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



“பிள்ளைக்கு இங்கிலீஷ் வரணும்னா, வீட்டிலே தமிழைக் குறைக்கணுங்களா?” என்று புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைக் கேளுங்கள்.

பிள்ளைகள் அடிக்கடி மாற்றிப் போடும் சொற்கள் ‘போரோ’, ‘லெண்ட்’. பத்து வெள்ளி கேட்கும்போது ‘போரோ மீ’ என்கிறார்கள். அது தவறு, ‘லெண்ட் மீ’ என்பதே சரி. போரோ என்றால் கடன் வாங்குவது, லெண்ட் என்றால் கடன் கொடுப்பது. கடைக்காரரிடம் போய், “பத்து வெள்ளி கடன் வாங்குங்க” என்று நம்மில் யாராவது கேட்போமா? மாட்டோம். மலாயில் ‘பிஞ்சாம்’ என்ற ஒரே அடிச்சொல் இரண்டுக்கும் வருவதால் பிள்ளைக்குக் குழப்பம் வருகிறது. தமிழில் நினைத்தால் குழப்பமே இல்லை.

‘பிரிங்’, ‘டேக்’ என்பனவும் அப்படித்தான். மலாயில் ‘பாவா’ ஒன்றே போதும். நமக்கோ ‘கொண்டு வா’ வேறு, ‘கொண்டு போ’ வேறு. முன்னது பிரிங், பின்னது டேக். ‘டியா’ என்று மலாயில் ஆணையும் பெண்ணையும் சொல்லலாம். அவன் என்றால் ‘ஹீ’, அவள் என்றால் ‘ஷீ’ என்பது தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லித் தரவே வேண்டாம்.

விடுப்புக் கடிதம் எழுதும்போது ‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டும் தகராறு செய்யும். “திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்” என்றால் சின்ஸ். “மூணு நாளாக் காய்ச்சல்” என்றால் ஃபார். ‘இருந்து’ வந்தால் சின்ஸ், ‘ஆக’ வந்தால் ஃபார். இவ்வளவுதான் கணக்கு!

மலாய் குறைந்த மொழி என்று நான் சொல்லவில்லை. அதன் வழி வேறு. நாம், நாங்கள் என்ற வேறுபாட்டை மலாயும் ‘கீத்தா’, ‘காமி’ என்று அழகாகக் காட்டுகிறது. ஆங்கிலத்தில்தான் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றே.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ‘மூணு நாள்’ என்று நாம் ஒருமையிலேயே சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் ‘டேஸ்’ என்று முடிய வேண்டும். பன்றிக்கும் பெரியதுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பிக்’தான். இவற்றை வாய்விட்டுப் படித்துத்தான் பழக வேண்டும்.

1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆறாம் ஆண்டிலேயே பிள்ளையின் குறையைக் காட்டிய அந்தப் பொதுத் தேர்வு இன்று இல்லை. கவனிக்காமல் விட்டால், ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். எழுதும்போதுதான் கண் திறக்கும்.

ஆகவே பெற்றோர்களே, “எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே” என்று ஒதுங்காதீர்கள். பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “இதைத் தமிழ்லே எப்படிச் சொல்லுவே?” என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பிள்ளை தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டால், பாதிப் பாடம் முடிந்தது. மீதிப் பாதியை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.