நம் ஊரின் நினைவைக் காப்போம்

(ஆலயத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு யூபிலியை முன்னிட்டு, நம் ஊர் வரலாற்றுக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

கழகத்தாரைப் பாராட்டிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பாராட்டுவதற்கு முன் நான் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கிறது.

குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். திருவிழாவுக்கு முன் சக்ரீஸ்துவைச் சுத்தம் செய்தோம். அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய காகிதக் கட்டு கிடந்தது. ஓரமெல்லாம் கறையான் அரித்திருந்தது. தொட்டால் உதிர்ந்தது. "இந்தக் குப்பையை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? கொளுத்திவிடுங்கள்" என்று கோயில்பிள்ளையிடம் சொன்னேன். "பழைய சாமியார்கள் எழுதினது சாமி" என்று அவர் தயங்கினார். நான் கேட்கவில்லை.

ஆறு மாதம் சென்றிருக்கும். ஒரு மூதாட்டி வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று கேட்கிறார்கள் என்றார். "என் பேரு கோயில் புஸ்தகத்துல இருக்கு சாமி. எங்க அப்பா காட்டியிருக்காரு" என்றார். புத்தகங்களைப் புரட்டினேன். அவர் சொன்ன ஆண்டுகள் மட்டும் இல்லை. அப்போதுதான் அந்தக் கட்டு என்னவென்று எனக்கு விளங்கியது. "கறையான் தின்னுருச்சு போல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எழுந்து போனார். கறையான் அல்ல, நான்தான் என்று சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை. இன்று உங்கள் முன் சொல்கிறேன்.

பழைய ஏற்பாட்டில் யோசியா அரசர் எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்த்தார். அந்த வேலையின்போது தலைமைக் குரு இல்க்கியா திருச்சட்ட நூலைக் கண்டெடுத்தார். அதை வாசிக்கக் கேட்ட அரசர் தம் ஆடையைக் கிழித்துக்கொண்டு மனம் மாறினார். அவர்கள் ஆலயத்தைச் சீர்செய்தபோது நூல் கிடைத்தது. நான் ஆலயத்தைச் சீர்செய்தபோது நூல் எரிந்தது. நம் ஊரில் வரலாற்றுக் கழகம் தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததன் காரணம் இதுதான்.

ஆலயப் பதிவேடு சாதாரணக் கணக்குப் புத்தகம் அன்று. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக் குரு ஏட்டில் பதியவேண்டும் என்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563இல் கட்டளையிட்டது. இறந்தோர் பதிவேடு 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூலால் கட்டாயமாயிற்று. அரசர்களும் ஜமீன்தார்களும் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். கூலி வேலை செய்தவருக்கு யார் கல்வெட்டு வைத்தார்கள்? அவருடைய பெயர், தாய் தந்தையர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் பதிந்திருக்கும் இடம் பல ஊர்களில் கோயில் புத்தகம் ஒன்றுதான்.

நம் கழகம் இரண்டு ஆண்டுகளாக அந்தப் புத்தகங்களைப் படியெடுத்து வருகிறது. பழைய பக்கங்கள் லத்தீனில் இருப்பதால் நான் வாசிக்கிறேன், பிள்ளைகள் தமிழில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து எண்ணிட்டு வைக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் பக்கங்களை வாசித்த மாலையில் எங்களால் வேலையைத் தொடர முடியவில்லை. ஒரே வீட்டில் தாய், பிறகு மகன், பிறகு கைக்குழந்தை என்று அடுத்தடுத்துப் பெயர்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சாமி, இவங்களுக்கு ஒரு பூசை வைக்கலாமா?" என்று கேட்டாள். கடந்த நவம்பர் இரண்டாம் நாள் நாம் அந்தப் பெயர்களை வாசித்துத் திருப்பலி நிறைவேற்றியது அவளால்தான்.

ஒரு ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். உயிரோடிருப்பவர்களின் குடும்ப விவரம் எதுவும் வெளியே போகாது. அண்மைக்காலப் பக்கங்களைக் கழகத்தாருக்குத் திறந்து காட்டுவதில்லை.

கழகத்தின் வேலை கோயிலோடு நிற்கவில்லை. கண்மாய் மடைகளின் பெயர்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். வயல்களின் பெயர்களைக் கேட்டு எழுதுகிறார்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் கடிதங்களைத் தேடுகிறார்கள். முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்கிறார்கள். "இதெல்லாம் படித்தவர்கள் வேலை, நமக்கேன்?" என்று சிலர் கேட்கிறீர்கள். கீழடியை நினைத்துப் பாருங்கள். 2015இல் அங்கே அகழாய்வு தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, மாணவர்கள் கொண்டுவந்து கொடுத்த பழம்பொருள்களைப் பொறுப்போடு காத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்துக் கல்வெட்டு வாசிக்கக் கற்றிருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம் பிள்ளைகளாலும் முடியும்.

காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறிய பழமையான நூல்களில் ஒன்று. நம் முன்னோர் ஜெபம் கற்ற நூல் அது. அதன் பிரதியைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவில் உள்ள ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகவேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இனி மனத்துக்குக் கொஞ்சம் பாரமான செய்தி ஒன்றைச் சொல்கிறேன். பொறுமையோடு கேளுங்கள்.

சென்ற கோடையில் கழகத்துப் பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்தை அளந்து வரைபடம் வரைந்தார்கள். நடுவே ஒரு வரிசைக் கற்கள் மண்ணோடு மண்ணாகத் தெரிந்தன. "இது என்ன?" என்று பெரியவர்களைக் கேட்டார்கள். ஒருவர் தெரியாது என்றார். இன்னொருவர் பேச்சை மாற்றினார். கடைசியில் வயதான பாட்டி ஒருவர்தான் சொன்னார்: "அங்ஙன ஒரு சுவர் இருந்துச்சு. சுவருக்கு இந்தப் பக்கம் அவுக. அந்தப் பக்கம் நாங்க."

அதை வரைபடத்தில் காட்ட வேண்டாம், யூபிலி மலரில் எழுதவே வேண்டாம் என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. பழைய பதிவேட்டில் சாதி குறித்திருக்கும் இடங்களை மை பூசி மறைத்துவிடலாம் என்றும் யோசனை சொன்னார்கள். ஊருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்ற எண்ணம்தான். எனக்குப் புரிகிறது. நானும் கறையான்மேல் பழிபோட்டுச் சும்மா இருந்தவன்தானே!

யோர்தானைக் கடந்தபின் யோசுவா ஆற்றிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டினார். பிற்காலத்தில் பிள்ளைகள் அந்தக் கற்களின் பொருளைக் கேட்கும்போது பெற்றோர் பதில் சொல்லவேண்டும் என்பதற்காகவே நாட்டினார். நம் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். நாம் பதில் சொல்லியாக வேண்டும். பெருமையை மட்டும் எழுதினால் அது விளம்பரம். உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் வரலாறு. சுவர் இருந்தது, அதை இடித்தோம் என்று இரண்டையும் எழுதுவோம். இடித்ததன் பெருமை, இருந்ததை ஒப்புக்கொண்டால்தான் நமக்குச் சேரும். அந்தக் கல்வரிசை வரைபடத்தில் இடம்பெறும்.

இன்னொன்றும் சொல்கிறேன். முதல் மரியாதைக்கும் காணி வழக்குக்கும் ஆதாரம் தேடி யாரும் கழகத்தாரிடம் வரவேண்டாம். கழகம் யாருக்கும் வக்கீல் அன்று. அது ஊர் முழுவதற்கும் சாட்சி.

முடிவாக, ஒவ்வொரு வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். பரணில், டிரங்குப் பெட்டியில் பழைய பத்திரம், கடிதம், படம், ஓலை எது இருந்தாலும் எரிக்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். கிழிந்திருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் காகிதத்தைக் கெடுத்துவிடும். கழகத்தாரிடம் ஒருநாள் கொடுங்கள். படி எடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருவார்கள். வயலில் புதையலாகப் பழைய காசோ பொருளோ கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் இந்த ஞாயிறே உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் இருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்?

அன்று அந்த மூதாட்டியின் பெயரை நான் தீயிலிட்டேன். ஆண்டவருடைய வாழ்வின் நூலில் அது அழியாமல் இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் இந்த ஊரின் பெயர்களைக் காக்கும் பொறுப்பை ஆண்டவர் நம் கையில் கொடுத்திருக்கிறார். அதைச் செய்துவரும் நம் இளைஞர்களையும், அவர்களுக்குத் துணைநிற்கும் ஆசிரியர்களையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.