பாலும் வெண்ணெயும்



அரியானா மாநிலம் சோனிப்பட் மாவட்டத்தில் நாஹ்ரி என்றொரு ஊர். அங்கே சொந்த நிலம் இல்லாத ஒரு விவசாயி, குத்தகைக்கு எடுத்த வயலில் பாடுபட்டுக் குடும்பத்தை நடத்தினார். மகனுக்குச் சுமார் பத்து வயது ஆனபோது, மல்யுத்தம் பழக டெல்லி சத்ரசால் மைதானத்தில் சேர்த்தார். பையனுக்குச் சத்தான உணவு வேண்டுமே! வீட்டிலிருந்து பாலும் வெண்ணெயும் சுமந்துகொண்டு டெல்லிக்குப் போவார். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து வயலில் இறங்குவார். ஆண்டுக்கணக்காக இப்படித்தான். அந்தப் பையன்தான் ரவிகுமார் தஹியா. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 57 கிலோ பிரிவில் வெள்ளி வென்றவர்.

பதக்கத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். அந்தப் பால் பாத்திரத்தை மட்டும் பாருங்கள். இவன் ஜெயிப்பானா என்று அன்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் பால் போய்ச் சேர்ந்தது.

மல்யுத்த நுணுக்கம் எனக்குத் தெரியாது. குருமடத்தில் நாங்கள் ஆடியதெல்லாம் கைப்பந்துதான். ஆனால் ஒன்று தெரியும். இந்த விளையாட்டில் களத்துக்கு முன்பே ஒரு சோதனை உண்டு: எடை பார்ப்பது. 2024-இல் பாரிஸில் வினேஷ் போகாட், இறுதிப் போட்டி நாளன்று காலையில், வெறும் 100 கிராம் கூடியதால் வெளியேற்றப்பட்டார். முந்தைய இரவு முழுதும் உடலை வருத்தி, முடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். அவர் வளர்ந்தவர், தம் முடிவைத் தாமே எடுப்பவர்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்படியா? வளர்கிற உடம்பு, எடை கூடத்தான் செய்யும். ஒரு பிரிவு கீழே இறங்கினால் பதக்கம் எளிது என்று, தண்ணீர் கொடுக்காமல், வியர்க்க வியர்க்க ஓடவிடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய், சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதன் பிறகே அங்கே விதிகளை மாற்றினார்கள். நம் பிள்ளையின் தாகத்தைக் கவனிக்க விதி எதற்கு? அந்த நாஹ்ரி தந்தை பால் கொண்டுபோனார். நாம் தண்ணீர்க் குவளையைப் பிடுங்குவதா?

யோர்தான் கரையை நினைத்துப் பாருங்கள். இயேசு திருமுழுக்குப் பெற்றதும், வானகத் தந்தை அவரைத் தம் அன்பு மகன் என்று அழைத்து, அவரில் தாம் கொண்ட மகிழ்ச்சியையும் சொன்னார். எப்போது? ஒரு நோயாளி குணமாவதற்கு முன்பு, ஓர் அப்பம் பலுகுவதற்கு முன்பு, ஊரில் அவரை ஒருவரும் அறியாதபோது. மகன் சாதித்துக் காட்டட்டும், பிறகு சொல்கிறேன் என்று அந்தத் தந்தை காத்திருக்கவில்லை.

தோற்ற பிள்ளை விரிப்பைவிட்டு எழுந்ததும் கூட்டத்தில் முதலில் தேடுவது உங்கள் முகத்தைத்தான். எந்தப் பிடியில் கோட்டைவிட்டான் என்பதைப் பயிற்சியாளர் சொல்லிக்கொள்ளட்டும். பேருந்தில் அதை நீங்களும் தொடங்காதீர்கள். “சாப்பிடுகிறாயா?” என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், தூக்கம் வந்தால் உங்கள் தோளில் சாய்ந்து தூங்கட்டும்.