புள்ளியும் மனையும்



கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கடைசிப் பந்தயம் நடந்து முடிந்தது. சுமார் 120 எக்டேர் பரப்புள்ள அவ்விடம் 2027-க்குள் அரசிடம் திரும்பும், அங்கே வீடுகள் எழும் என்று 2023-இல் அறிவித்தார்கள். வீடு எழுமுன் மனை பிரிக்க வேண்டும். மனை பிரிக்குமுன் அளவைப் புள்ளிகள் வேண்டும். அப்புள்ளிகளைக் கணினியில் ஏற்றும்போது நேரக்கூடிய பிழைகளைப் பற்றிச் சில சொல்கிறேன்.

முன்னாளில் 66 அடிச் சங்கிலி இழுத்து நிலம் அளந்தார்கள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மூலைக்கு மூலை கல் நட்டார்கள். கல் நகர்ந்தால் வழக்கும் வந்தது. சிங்கப்பூரில் 2004 முதல் எஸ்.வி.ஒய்.21 என்னும் ஆயமுறை நடப்பில் இருக்கிறது. எந்த மூலையையும் வடக்கெண், கிழக்கெண் என இரண்டே எண்களால், மீட்டரில், குறித்துவிடலாம். இதன் தொடக்கப்புள்ளி தீவின் நடுவே இருக்கிறது. அதற்குச் சுழியம் என்று எண் தரவில்லை, வடக்கு 38,744.572, கிழக்கு 28,001.642 என்று தந்திருக்கிறார்கள். நாட்டில் எங்கே நின்றாலும் கழித்தல் குறி வரக்கூடாது என்பதே நோக்கம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு எண்களும் பெரும்பாலும் ஐந்திலக்கம். எது வடக்கு, எது கிழக்கு என்று பார்த்தவுடன் தெரியாது! சிவில் த்ரீ-டி போன்ற மென்பொருளில் புள்ளிக் கோப்பை ஏற்றும்போது, வடக்கெண் முதலில் வருகிறதா, கிழக்கெண் முதலில் வருகிறதா என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறாகத் தேர்ந்தாலும் கணினி மறுப்புச் சொல்லாது. கிராஞ்சி எம்.ஆர்.டி. நிலையம் ஏறத்தாழ வடக்கு 45,200, கிழக்கு 20,060-இல் இருக்கிறது. இடம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். நிலையம் சிங்கப்பூர் நீரிணையில், பாத்தாம் தீவை நோக்கிப் போய் விழும். கடலில் விழுந்தால் எவரும் கவனிப்பார். காக்கி புக்கிட் வட்டாரத்திலோ இரண்டு எண்களும் முப்பத்தைந்து, முப்பத்தாறாயிரத்தை ஒட்டியவை. அங்கே மாற்றினால் புள்ளி ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் விலகும், நிலத்திலேயே விழும். அதுதான் எனக்கு அச்சம் தருவது.

அடுத்தது மனை. 'பார்சல்' என்றால் நமக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் நினைவுக்கு வரும்; மென்பொருளில் அது மனையைக் குறிக்கும். கோடுகள் சுற்றி வந்து மூடினால் மனை தானே உருவாகிப் பரப்பளவும் காட்டும். மூலையில் நூலளவு இடைவெளி இருந்தாலும் உருவாகாது. இன்னொன்று: மனை இருக்கும் அதே தொகுதியில் சாலையின் மையக்கோட்டையும் வைத்தால், மனையின் மேல் செல்லும் அக்கோடு அதை இரண்டாக வெட்டிவிடும். பரப்பளவு ஓசையின்றி மாறும். அந்த எண்ணை நம்பி வரைபடம் அச்சானால், பக்கத்து நிலத்தில் வடிகால் வெட்டிய பிறகே உண்மை தெரியும். ஆகவே மையக்கோட்டைத் தொகுதிக்கு வெளியே வையுங்கள். ஒவ்வொரு மனையையும் திசைகோணம், நீளம் கொண்டு மூலை மூலையாகச் சுற்றிப் புறப்பட்ட புள்ளிக்கே திரும்புகிறதா என்று சரிபாருங்கள்.

ஆனால் சுற்று சரியாக மூடினாலும் மனை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று பொருளில்லை. கடலில் விழுந்த மனையும் ஒழுங்காக மூடும். அதற்கு, ஆய எண் தெரிந்த அளவைக் குறி ஒன்றைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றியவுடன் முதலில் அந்தப் புள்ளியைத் தேடுங்கள். கிராஞ்சியானால் வடக்கெண் பெரிதாகவும் கிழக்கெண் சிறிதாகவும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் கோடு போடத் தொடங்காமல், கோப்பை மறுபடி ஏற்றுங்கள்.