வாட்டம் பார்த்த கண்

(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கி ஊழியர்களுக்கு எல்.எஃப்.சி. என்றொரு பயணச் சலுகை உண்டு. அது இல்லாவிட்டால் குஜராத் வரைக்கும் போய் இடிபாடு பார்க்கிற வசதி எனக்கு ஏது? அந்தச் சலுகையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு தோலாவீரா போனேன். அப்பா நகராட்சியில் முப்பத்தோரு வருஷம் துப்புரவு வேலை பார்த்தவர்.

கட்ச் பகுதியில், உப்புவெளிக்கு நடுவில் காதிர் என்கிற திட்டில் இருக்கிறது தோலாவீரா. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செழித்திருந்த சிந்துவெளி நகரம். 1990 முதல் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் பல ஆண்டுகள் தோண்டினார்கள். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மேலே கோட்டை, அடுத்து நடு நகரம், அதற்கும் கீழே கீழ் நகரம். இவை ஆய்வாளர்கள் வைத்த பெயர்கள். வழிகாட்டி 'கீழ் நகரம்' என்று கை காட்டியபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

பாறையைக் குடைந்த நீர்த்தேக்கங்களைக் காட்டினார்கள். பத்துக் குறிகள் கொண்ட பெயர்ப்பலகை கிடைத்த வாசலைக் காட்டினார்கள். கோட்டைக்குள் கல்லால் கட்டிய மழைநீர் வடிகால் ஒன்று, ஆள் நுழைகிற அளவுக்கு. வந்தவர்கள் குனிந்து உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா வெளியே குந்தி உட்கார்ந்து அடித்தளத்தையே பார்த்தார்.

"வாட்டம் சரியாத்தான் குடுத்திருக்கான். ஆனா மழத்தண்ணியோட மண்ணும் வருமே, அடைச்சுக்குமே. ஆள் எறங்கணும்னுதான் இவ்ளோ பெருசா கட்டியிருக்கான்."

"நீயும் உள்ள வந்து பாருப்பா" என்றேன்.

"நான் எறங்கினது போதும்டா."

தோழர்களே, நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் இதைக் கேட்கவில்லை. மொகஞ்சதாரோவின் மூடிய செங்கல் சாக்கடைகளைப் பற்றிப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இடையிடையே கசடு தங்கும் குழிகள், தூக்கி எடுக்கக்கூடிய மூடிகள். மூடி தூக்குகிற மாதிரி இருந்தால் தூக்கியவன் ஒருவன் இருந்திருப்பான் இல்லையா? அங்கே அகழ்ந்த எர்னஸ்ட் மக்கே, சாக்கடை ஓரங்களில் மண்குவியல்களைக் கண்டு, சுத்தம் செய்தவர்கள் அள்ளிப் போட்டவை என்று கருதினார். அந்த மனிதர்கள் விட்டுப்போன தடயம் அதுதான்.

அங்கே சாதி இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. சான்று இல்லாமல் பேசுவது எதிரிகளின் பழக்கம், நமக்கு வேண்டாம். நான் கேட்பது இன்றைக்குப் பெருமை பேசுகிறவர்களை. சிந்துவெளி நம்முடையது என்று மேடையில் முழங்குகிறோம். அதன் எழுத்தைப் படித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல காரியம், படிக்கட்டும். ஆனால் நகரம் நம்முடையது என்றால் அதன் சாக்கடையும் நம்முடையதுதானே? அதை அள்ளினவன் யாருடைய பாட்டன்?

மலம் அள்ளும் வேலையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் ஆட்கள் இறங்குகிறார்கள், பிணமாக மேலே வருகிறார்கள். பழைய சாக்கடையைக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கிற நாட்டில் இன்றைய சாக்கடைக்குப் போதுமான எந்திரம் இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. இடிபாடுகளைப் பார்க்கப் போங்கள். கோட்டையைப் பார்த்துவிட்டுச் சாக்கடை ஓரத்திலும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஊருக்குத் திரும்பியதும் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது, எந்தக் குழியில் விஷவாயு நிற்கும் என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். எந்தக் கல்வெட்டிலும் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். கவிதை எழுத வைத்திருந்த நோட்டுதான். இதுவரை நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது.