சந்தை நடக்கும் தெருவில்தான் தேரும் ஓடுகிறது



சென்னை மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலையும் குளத்தையும் சுற்றி நாலு மாடவீதிகள் இருக்கின்றன. அவற்றில் தெற்கு மாடவீதியில் தினமும் காய்கறிக் கடைகள். பங்குனி வந்தால் இதே வீதிகளில் தேர் ஓடுகிறது, அறுபத்து மூவர் என்கிற நாயன்மார்கள் வலம் வருகிறார்கள். திருவிழாக் கூட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பத்திரிகைகளிலும் படம் வருகிறது. வருடம் முழுக்க நடக்கும் வியாபாரத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆனால் அந்தக் கூட்டம் வெறும் கூட்டமாக இல்லாமல் ஊராக இருக்கிறது என்றால், அதற்குப் பாதிக் காரணம் இந்தச் சந்தைதான் என்பது என் கட்சி. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

காலை நேரத்தில் தெற்கு மாடவீதிக்குப் போய்ப் பாருங்கள். கோயம்பேடு மொத்தச் சந்தையிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கியிருக்கும். தரையில் சாக்கை விரித்து, தக்காளியைக் கூறு கட்டி, கீரைக் கட்டுகள்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். வாழைப்பூ, வாழைத்தண்டு, சுண்டைக்காய், பிரண்டை, மாகாளிக் கிழங்கு என்று பெரிய கடைகளின் குளிர்பெட்டியில் லேசில் கிடைக்காததெல்லாம் இங்கே கிடைக்கும். வாழைக்காய், பாகற்காய், பிரண்டை என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். "வீட்ல திதியாம்மா?" என்பார் கடைக்காரம்மா. பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கி, பூண்டும் கூடவே வாங்கினால், "பொண்ணு பிள்ளை பெத்து வந்திருக்குதா?" என்று அடுத்த கேள்வி. வாங்குகிற காயை வைத்தே வீட்டு நிலவரம் தெரிந்துவிடுகிறது அவருக்கு.

இதெல்லாம் வம்பு என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் இரண்டு நாள் கடைப்பக்கம் வரவில்லை என்றால், முதலில் கவனிக்கிறவர் பல நேரம் இந்த அம்மாதான். அடுத்த வாசலில் இருப்பவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. தராசுக்குப் பக்கத்தில் இப்போது க்யூஆர் அட்டை நிற்கிறது. பணம் வந்ததை ஓர் ஒலிப்பெட்டி சத்தம் போட்டுச் சொல்கிறது. அதனால் பேச்சு ஒன்றும் குறையவில்லை. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் பையில் விழுகின்றன. சில்லறை இல்லையென்றால், "நாளைக்குக் குடும்மா, எங்க போயிடப்போற!"

இந்த வீதிகள் ஊருக்கு ஒரு நாட்காட்டியும்கூட. ஆவணியில் களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும் காகிதக் குடையும் வந்துவிடும். புரட்டாசி நெருங்கும்போது வடக்கு மாடவீதி நடைபாதை முழுக்கக் கொலு பொம்மைகள். பிறகு அகல் விளக்கு, அதற்கப்புறம் கரும்பும் மஞ்சள் கொத்தும். எந்தப் பண்டிகை வருகிறது என்பதைத் தெருவே சொல்லிவிடுகிறது. அந்தப் பண்டிகையைக் கொண்டாடாத வீட்டுக் குழந்தைக்கும் அது தெரியும்.

மயிலாப்பூருக்கு இந்த விழாக் கணக்கு புதிதில்லை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று இந்த ஊரின் விழாக்கள் வரிசையாக வருகின்றன. பாம்பு கடித்து இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணிடம், இதையெல்லாம் பார்க்காமலா போய்விடுவாய் என்று கேட்கிற பாட்டு அது. வாழ்க்கைக்குத் திரும்பி வா என்று ஒருத்தியை அழைக்க, அவர் ஆசை காட்டியது ஊர்த் திருவிழாவை! அந்த வரிசையில் முதலில் நிற்பது விளக்கும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. அடியார்களுக்குச் சோறு போடுவதுதான்.

இன்றும் அதுதான் நடக்கிறது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவம். நாயன்மார்களின் செப்புத் திருமேனிகள் பல்லக்குகளில் வருகின்றன. முண்டகக்கண்ணி அம்மன் போன்ற அக்கம்பக்கத்துச் சாமிகளும் வந்து சேர்ந்துகொள்கின்றன. நீர்மோர், பானகம், புளியோதரை, சுண்டல் என்று வழி நெடுகப் பந்தல்கள். குடும்பங்கள், வியாபாரிகள் சங்கங்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் என்று ஆளாளுக்கு ஓர் அண்டா வைத்திருப்பார்கள். வாங்கிக் குடிக்கிறவரை யார், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை.

விழா நாட்களில் சந்தைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கடையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வீதியைத் தேருக்கும் பல்லக்குக்கும் விட்டுக்கொடுக்கிறார்கள். சிலர் அப்போது பலூனும் சொப்புச் சாமானும் விற்பார்கள். அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிற குழந்தையைப் பார்த்து, "இது நம்ம கீழவீதி அக்கா பேரன்தானே?" என்று அடையாளம் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. லட்சக்கணக்கான பேர் கூடும் இடத்தில் அப்படி நாலு பேர் இருப்பது சின்ன விஷயமில்லை. அந்த அடையாளம் திருவிழா நாளில் வந்ததும் இல்லை. தினமும் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கியதில் வந்தது.

பக்தி இல்லாத விழாக்களுக்கும் இந்த வீதிகள் இடம் கொடுக்கின்றன. ஜனவரி மாதம் நடக்கும் மயிலாப்பூர் திருவிழாவில் வடக்கு மாடவீதியில் கோலப் போட்டி உண்டு. நடுத்தெருவில் ஆளுக்கொரு கட்டம். பாட்டிகளுக்குப் பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி வரும் மெட்ராஸ் தினமும் இருக்கிறது. 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் நிலம் கிடைத்த நாளை வைத்து, 2004 முதல் கொண்டாடுகிறார்கள். ஊரைச் சுற்றி நடந்து கதை சொல்லும் நடைப்பயணங்கள் அதில் ஒரு பகுதி. இந்த நிகழ்ச்சிகள் மண்டபத்துக்குள் நடந்தால் அழைப்பிதழ் வந்தவர்கள்தான் வருவார்கள். தெருவில் நடப்பதால், பூ வாங்க வந்தவரும் பையோடு நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

2020-இல் திருவிழாவும் சந்தையும் அடுத்தடுத்து நின்றுபோயின. ஊரடங்கில் தேர் ஓடவில்லை. மே மாதத்தில் தொற்று பரவியதால் கோயம்பேடு சந்தையையும் மூடினார்கள். அப்போது தள்ளுவண்டியிலும் சின்ன வேனிலும் தெருத்தெருவாகக் காய் வந்தது. வீட்டு வாசலில் நின்று வண்டிக்காரரிடம் பேசிய அந்த ஐந்து நிமிடத்துக்காகவே காத்திருந்த முதியவர்கள் எத்தனையோ பேர். காய் வீட்டுக்கே வந்துவிட்டது. ஆனாலும் ஒன்று குறைந்தது, அது என்னவென்று அப்போது நமக்குத் தெரிந்தது.

மாடவீதியில் குடியிருப்பவர்களுக்கும் குறை உண்டு. நடைபாதையில் நடக்க முடியவில்லை, வாகனத்தை வெளியே எடுக்க முடியவில்லை, திருவிழா முடிந்தால் குப்பை மலைபோல் குவிகிறது என்கிறார்கள். அது நியாயமான குறைதான். ஆனால் அதற்குத் தீர்வு கடைகளை வாரிக்கொண்டு போவது இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. ஒவ்வொரு நகர உள்ளாட்சியிலும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர், வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். யாருக்கு எங்கே இடம், எந்த நேரத்தில் கடை என்பதை எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். மயிலாப்பூரில் இப்போது நிலத்தடியில் மெட்ரோ நிலையம் கட்டுகிறார்கள். வீதிகளுக்குப் புதுத் திட்டம் போடும்போது, தேருக்கு வழி விடுவதை யாரும் மறக்கப்போவதில்லை. கீரைக்காரம்மாவின் சாக்குக்கும் அதில் ஓர் இடம் வேண்டும்.

புறநகரில் முளைத்திருக்கும் பெரிய குடியிருப்புகளிலும் இப்போது பொங்கல் விழா, உணவுத் திருவிழா என்று நடத்துகிறார்கள். ஆசையாகத்தான் செய்கிறார்கள். ஆனாலும் ஆளுக்கு ஆள் கைகுலுக்கி அறிமுகம் செய்துகொள்வதிலேயே மாலை முடிந்துவிடுகிறது. மறுவருடம் மறுபடியும் அதே அறிமுகம்! இடைப்பட்ட நாட்களில் காய் பையில் கட்டப்பட்டு வாசலுக்கே வந்துவிட்டால், மனிதர்கள் எங்கே சந்திப்பார்கள்? அங்கே வாரத்துக்கு ஒரு நாள் வாசலில் நாலு காய்கறிக் கடைக்கு இடம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த பொங்கலுக்குள் பாதிப் பேருக்குப் பெயர் தெரிந்துவிடும்.

உங்கள் பகுதியிலும் ஏதோ ஒரு விழாவுக்குக் குழு கூடும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும் நாற்காலி போடுவீர்கள். தெருமுனையில் காய் விற்கிறவருக்கும் ஒன்று போடுங்கள். உங்கள் தெருவில் யாரை அழைக்க மறந்திருக்கிறீர்கள் என்று அவர் சொல்வார்.