சித்தூர் மடத்து ஓலைகள்



குருவாயூருக்குப் போகும் நம் ஊர் வண்டிகள் பெரும்பாலும் பாலக்காட்டைத் தொட்டுத்தான் போகின்றன. கோவைப் பக்கத்தார் வாளையாறு வழியாக, பொள்ளாச்சிப் பக்கத்தார் மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாக. இரு பக்கமும் பனைமரங்கள், நெல்வயல்கள். கேரளத்துக்குள் வந்த பிறகும் கடைத்தெருவில் தமிழ் கேட்கும். அந்தப் பகுதியில்தான் சித்தூர் இருக்கிறது. ஆந்திரத்துச் சித்தூர் அல்ல. பழைய கொச்சி சமஸ்தானத்துச் சித்தூர். அங்கே சோகநாசினி ஆற்றங்கரையில், தெக்கேகிராமம் என்ற அக்கிரகாரத்தில், துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. யாத்திரை போகிறவர்கள் அவசியம் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் அது.

எழுத்தச்சன் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. பிறந்தது மலப்புறம் மாவட்டத்துத் திரூர். பிற்காலத்தில் சித்தூருக்கு வந்து, ராமனுக்கும் சிவனுக்கும் கோயில் எடுத்து, மடம் கட்டி, அங்கேயே சமாதியானார் என்பது வழிவழிச் செய்தி. கிளி பாடுவதாக அமைத்து அவர் மலையாளத்தில் எழுதிய அத்யாத்ம ராமாயணமும் மகாபாரதமும்தான் அந்த மொழிக்கே புது வடிவம் தந்தன.

இந்த மடம் கண்ணாடிப் பேழைகள் வரிசையாக நிற்கும் பெரிய அருங்காட்சியகம் அல்ல. சமாதியை ஒட்டி எழுத்தச்சனுடையவை என்று போற்றப்படும் பொருள்கள் சிலவற்றை வைத்திருக்கிறார்கள். மரப் பாதுகை, எழுத்தாணி, சில பழைய ஓலைச்சுவடிகள், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் மடத்தில் தீப்பிடித்து ஏடுகள் பல அழிந்துபோயின என்று சொல்வார்கள். தென்னிந்திய எழுத்துகளைப் பற்றி முதன்முதலில் விரிவாக ஆராய்ந்த ஆங்கில அதிகாரி பர்னெல், அந்தக் காலத்திலேயே இங்கே வந்து இந்தப் பொருள்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

ஏடு எரிந்தது. ஆனால் ராமாயணம் எரியவில்லை. ஏனென்றால் அதைப் படித்தார்கள், படியெடுத்தார்கள், ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கர்க்கடக மாதத்தை ராமாயண மாதம் என்றே கேரளத்தில் சொல்கிறார்கள். அந்த மாதம் முழுக்க மாலையில் விளக்கேற்றி, எழுத்தச்சனின் ராமாயணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்விட்டுப் படித்து முடிப்பது இன்றும் வீடுகளில் நடக்கிறது.

கர்க்கடகம் நமக்கு ஆடி மாதம். அதே ஆடியில் நம் பக்கத்தில் என்ன செய்தோம் தெரியுமா? பதினெட்டாம் பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விட்டோம். உ.வே. சாமிநாதையர் சுவடி தேடிப் போன இடங்களில் ‘ஆற்றில் விட்டுவிட்டோம்’ என்ற பதிலைக் கேட்டு நொந்துபோனதை எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் அவர் கேள்விப்பட்டது இன்னும் கொடுமை. சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வெறுப்பினால் செய்ததல்ல, பக்தியினால் செய்தது. அதனால்தான் நெஞ்சு அதிகம் வலிக்கிறது.

ஓலை என்பது என்றைக்கும் இருக்கும் பொருள் இல்லை. ஓலையை நறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, தேய்த்துப் பதப்படுத்த வேண்டும். எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியோ இலைச்சாறோ தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். நன்றாகப் பேணினால் முந்நூறு, நானூறு ஆண்டு தாங்கும். கேரளத்து மழை ஈரத்திலும் பூச்சியிலும் அதுவும் குறையும். எனவே பழைய ஓலை நைவதற்குள் புது ஓலையில் எழுதியாக வேண்டும். எழுதும் கை நின்றால் நூல் போய்விடும். பட்டுத்துணியில் சுற்றி, சரசுவதி பூசையன்று மட்டும் வெளியே எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி உள்ளே வைக்கும் ஏடு மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. கும்பிடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. கும்பிட்டவர்கள் வைத்திருந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியது. ஆனால் கும்பிடுவது மட்டும் போதாது, பிரித்துப் படிக்கவும் வேண்டும்.

பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மணலிக்கரை மடம் என்று ஒன்று உண்டு. அங்கே கிடந்த மலையாள எழுத்து ஓலைக்கட்டு ஒன்றைத் திருவனந்தபுரத்துப் பண்டிதர் கணபதி சாஸ்திரி பிரித்துப் படித்தார். காளிதாசன் தன் நாடகத்திலேயே பெயர் சொல்லிப் போற்றிய பாசனின் நாடகங்கள் என்று அதிலிருந்தவற்றை அடையாளம் கண்டு, 1912 முதல் பதின்மூன்று நாடகங்களை அச்சிட்டார். உலகம் தொலைந்துவிட்டதாக நினைத்த நாடகங்கள்! அறிஞர்கள் இன்றும் அவற்றின் ஆசிரியரைப் பற்றி வாதிடுகிறார்கள். வாதிடுவதற்கு நூல் கையில் இருக்கிறதே, அதுவே பெரிது.

குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்கள் பலர், அப்படியே திருவனந்தபுரம் போய்ப் பத்மநாபசுவாமியையும் சேவித்துத் திரும்புகிறார்கள். அந்தக் கோயிலைச் சுற்றிய கோட்டைப் பகுதியிலேயே 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றைக் கேரள அரசு திறந்தது. திருவிதாங்கூர் அரசின் நிலக்கணக்கு, வரி, ஆணை எல்லாம் சுருணை சுருணையாக ஓலையில் இருந்தன. குளச்சல் போர் பற்றிய குறிப்புகளும் உண்டு. வேதமும் புராணமும் மட்டுமல்ல, வரிக்கணக்கும் இதே ஓலையில்தான் எழுதப்பட்டது என்பதைக் குழந்தைகள் அங்கே நேரில் பார்க்கலாம்.

போகிற இடத்தில் ஒன்று கவனியுங்கள். ஓலையைத் தொடாதீர்கள். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும் படம் எடுக்காதீர்கள். பக்கத்தில் கற்பூரம் ஏற்ற வேண்டாம். கூட வந்த பிள்ளைகளுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்குள்ளவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ பூசையறையிலோ ஒரு சுவடிக் கட்டு இருக்கலாம். சோதிடமோ, வைத்தியமோ, தேவாரமோ, எதுவாக இருந்தாலும் சரி. ஆற்றில் விடாதீர்கள். எண்ணெய் தடவி நீங்களே சுத்தம் செய்யவும் வேண்டாம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சுவடிக்கென்றே ஒரு துறை இருக்கிறது. கேரளத்தில் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் காரியவட்டத்துச் சுவடி நூலகம். அங்கே கொண்டுபோய்க் காட்டி, அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், ஒரு படி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வருகிற ஆடிக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.